மலை தரும் நாட்கள்

(ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1791ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் தேதி. இந்தக் காவிரித் தீவுக்கு மேலே, கண்ணம்பாடிப் பக்கம் முகாமிட்டிருந்த ஆங்கிலேயப் படைத்தலைவர் கார்ன்வாலிஸ் பிரபு, பெங்களூரிலிருந்து அரும்பாடுபட்டு இழுத்து வந்த கோட்டை உடைக்கும் பீரங்கிகளைத் தன் ஆட்களைக் கொண்டே உடைக்கச் செய்தார். ஒரு வாரத்துக்கு முன்புதான் அரக்கெரே சண்டையில் அவர் கை ஓங்கியிருந்தது. இந்த ஊர்க் கோட்டை எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. சுற்றுவட்டாரத்தில் தீவனமும் தானியமும் எதிரிக்குக் கிடைக்காதபடி திப்பு சுல்தான் ஏற்கெனவே அழித்திருந்தார். பீரங்கி இழுக்கும் மாடுகள் நோயிலும் பசியிலும் செத்து விழுந்தன. மாடு இல்லாமல் பீரங்கி நகராது. விட்டுப் போனால் எதிரி கையில் சேரும். அதனால் உடைத்தார். நான்கு நாள் கழித்துப் படை பெங்களூரை நோக்கித் திரும்பியது. மலபாரிலிருந்து குடகு வழியாக ஏறி வந்து பெரியபட்டணத்தில் காத்திருந்த ஏபர்கிராம்பியின் படைக்கும் திரும்பிப் போகச் சொல்லி ஆணை போயிற்று.

எட்டு ஆண்டு கழித்து வந்த ஆங்கிலேயத் தளபதி ஹாரிஸின் கணக்கைப் பாருங்கள். 1799 பிப்ரவரி 14 அன்று வேலூரிலிருந்து புறப்பாடு. ஏப்ரல் 5 அன்று இந்த ஊருக்கு முன்னால் முகாம். மே 4 அன்று நண்பகலுக்குப் பின், பாறை தெரிய வற்றிக் கிடந்த காவிரியை இறங்கிக் கடந்து கோட்டைக்குள் நுழைந்தார்கள். திப்பு சுல்தான் போரிட்டு உயிர் துறந்த நாள் அது. ஹாரிஸ் வேலையை முடித்த அதே வாரத்தில்தான், எட்டு ஆண்டுக்கு முன் கார்ன்வாலிஸ் பெங்களூரிலிருந்து கிளம்பியிருந்தார். மழை வரை தாக்குப்பிடித்தால் ஆறு கோட்டையைக் காக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த கணக்கு. அந்த மழையும் இந்த ஊரில் பெய்யும் மழை அல்ல. குடகு மலையில், பிரம்மகிரியில், தலைக்காவிரியில் பெய்யும் மழை. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு பெருகி வரும். பக்கத்தில் ரங்கனதிட்டில் படகு ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். மேலே உள்ள அணையில் எவ்வளவு நீர் திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் படகை அவிழ்க்கிறார்கள்.

படையெடுத்து வந்தவர்களைப் புகழ நான் இங்கே வரவில்லை. பனிமலையில் ஸ்னோ ஸ்கூட்டரில் நெடுந்தூரம் போவது எப்படித் திட்டமிடுவது என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். வடநாட்டில் நம் ராணுவத்தார் ஸ்னோ ஸ்கூட்டர் என்கிறார்கள். கனடாவில் இருக்கும் நம்மவர்கள் ஸ்னோமொபைல் என்கிறார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சுழலும் ஒரு பட்டை, நடுவில் என்ஜின். பனி விழாத இந்த மண்ணில் அதைப் பற்றிப் பேச இந்த ஊரின் கதையை விடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியவில்லை. எங்கே போவது, எத்தனை கிலோமீட்டர், எந்த வண்டி என்பதெல்லாம் பிறகு. மலை எந்த வாரங்களைத் தருகிறது, அந்த வாரத்தில் எந்த மணிகளைத் தருகிறது என்பதே முதல் கேள்வி.

பட்டைச் சக்கர வண்டிகள் பனிமலைக் கணவாய் ஒன்றை ஏறிய கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. அதில் குடகுக்காரர்களும் இருக்கிறார்கள், ராணுவப் பொறியாளர்களான மதராஸ் சாப்பர்களும் இருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

காஷ்மீருக்காகப் பாகிஸ்தான் தரப்போடு போர் நடந்துகொண்டிருந்த 1948 மே மாதம் கார்கில் எதிரியிடம் விழுந்தது. ஜூனில் திராஸ். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் ஒரே பாதை ஜோஜி லா கணவாயில் அடைபட்டது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். இரு பக்கமும் செங்குத்துப் பாறை. பாறைக் குகைகளுக்குள் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள். செப்டம்பரில் பாராசூட் பிரிகேட் காலாட்களாக மோதிப் பார்த்துப் பின்வாங்கியது. காலமோ கழிந்துகொண்டிருந்தது. நவம்பர் போனால் கணவாயைப் பனி மூடும். மூடினால் லேயில் இருப்பவர்களுக்கு வசந்தம் வரை தரை வழியே உதவி கிடையாது. மேற்குப் பகுதிப் படைக்குத் தலைவர் கரியப்பா. அவருக்குக் கீழே காஷ்மீரில் டிவிஷனை நடத்தியவர் திம்மையா. இருவரும் காவிரி பிறக்கும் குடகிலிருந்து போனவர்கள். ஆற்றுக்கு மேலே மலையில் என்ன நடக்கிறது என்று கவனித்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

கணவாய்க்கு டாங்கிகளைக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அந்த உயரத்தில் அதுவரை யாரும் டாங்கியை ஓட்டியதில்லை. ஏழாவது லைட் காவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள், மேல் கோபுரத்தைக் கழற்றி, பார்ப்பவர்களுக்கு இன்னதென்று தெரியாதபடி, ஸ்ரீநகர் வழியாகப் பால்தால் வரை கொண்டுசெல்லப்பட்டன. பால்தாலுக்கு மேலே இருந்தது கோவேறு கழுதை போகும் தடம்தான். அதை டாங்கி ஏறும் பாதையாக வெட்டியவர்கள் மேஜர் தங்கராஜு தலைமையில் இருந்த மதராஸ் சாப்பர்கள். குளிரே அறியாத ஊர்ப் பிள்ளைகள், எதிரி சுடும் தூரத்தில், பாறையை வெடி வைத்துத் தகர்த்துப் பாதை போட்டார்கள். 1799இல் இந்த ஊர் முற்றுகையில் இருந்த மதராஸ் பயனியர்கள் இந்த சாப்பர்களின் முன்னோர் பட்டாளம்.

இப்போது தேதியைப் பாருங்கள். தாக்குதலுக்கு முதலில் குறித்தது அக்டோபர் 20. வானிலை ஒத்துவரவில்லை. தள்ளிவைத்தார்கள். நவம்பர் 1 அன்று, பனி தூறிக்கொண்டிருக்கும்போதே, டாங்கிகள் முதல் கியரில் ஊர்ந்து கணவாயில் ஏறின. டிவிஷனின் தலைவரான திம்மையாவே முன்னால் போன டாங்கியில் இருந்தார். குகைகளில் இருந்தவர்கள் அந்த உயரத்தில் டாங்கியை எதிர்பார்க்கவே இல்லை. அன்று மாலைக்குள் கணவாய்க்கு அப்பால் இருந்த கும்ரி கைக்கு வந்தது. நவம்பர் 15 அன்று திராஸ். 24 அன்று லேயிலிருந்து இறங்கி வந்த படையோடு கார்கிலில் கைகோத்தார்கள்.

இந்தக் கதையில் எல்லோரும் டாங்கியைப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பன்னிரண்டு நாள்தான் முக்கியம். தள்ளிவைக்க முடிந்ததே, அது எப்படி? அக்டோபர் 20க்கும் பனி கணவாயை மூடும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் கையிருப்பு இருந்தது. அந்தக் கையிருப்பைத் திட்டத்திலேயே வைத்திருந்தார்கள். கார்ன்வாலிஸிடம் அது இல்லை. மே மாதத்தில் கிளம்பியவருக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்க இடம் கிடையாது. தாமதம் எல்லா மலைப்பயணத்திலும் வரும். பத்து நாள் பயணத்துக்குப் பத்து நாள் விடுப்பு எடுத்துப் போகிறவரைப் பார்த்தால் எனக்குப் பயம். விமானச் சீட்டின் தேதி அவரை ஏறக்கூடாத நாளில் ஏறச் சொல்லும். மூன்றில் ஒரு பங்கு நாட்களைச் சும்மா உட்காருவதற்கென்று ஒதுக்கிவிட்டுப் போங்கள். உட்கார்ந்த நாட்கள் வீணல்ல.

சரி, மலை எந்த வாரங்களைத் தருகிறது?

காஷ்மீரிகளிடம் இதற்கு ஒரு பழைய நாட்காட்டி இருக்கிறது. டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை நாற்பது நாள் சில்லாய் கலான், பெருங்குளிர். நமக்கு மார்கழி முதல் வாரம் தொடங்கித் தை பாதி வரை. அதன்பின் இருபது நாள் சில்லாய் குர்த், அதன்பின் பத்து நாள் சில்லாய் பச்சா. சில்லாய் கலானில் விழும் பனி இறுகித் தங்கும், கோடை வரை ஓடைகளுக்கு நீர் கொடுக்கும். பின்னால் விழுவது சீக்கிரம் உருகும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழல்கள்தான் அங்கே குளிர்கால மழையையும் பனியையும் கொண்டுவருகின்றன. வானிலை அறிக்கையில் மேற்கத்திய இடையூறு என்று படித்திருப்பீர்கள். ஒரு இடையூறு வந்து போன பின் தெளிந்த வானம், அடுத்தது வரும் வரை சில நாள். அந்த இடைவெளியில்தான் பயணம்.

அந்த நாட்காட்டி இப்போது தடுமாறுகிறது. 2024 ஜனவரியில் குல்மர்க் சரிவுகள் புல் தெரியக் கிடந்தன. பனி மாத இறுதியில்தான் வந்தது. 2025இல் அங்கே பிப்ரவரியில் நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனியில்லாமல் தள்ளிப்போய் மார்ச்சில் நடந்தன. முன்பு ஜோஜி லா ஆண்டில் பாதி மூடிக்கிடக்கும் என்பது வழக்கு. எல்லைச் சாலைகள் நிறுவனத்தார் விடாமல் பனி அள்ளியதாலும் பனி குறைந்ததாலும் 2025இல் 32 நாளில் திறந்தார்கள். ஆகவே போன ஆண்டு இன்னார் இன்ன தேதியில் போனார், நாமும் போகலாம் என்பது இனி உதவாது. இந்த ஆண்டின் பனியை இந்த ஆண்டில்தான் படிக்க வேண்டும்.

படிக்க வேண்டும் என்று சொன்னேன். பனிப்படுகையில் அக்டோபரிலிருந்து நடந்தது எல்லாம் அடுக்கடுக்காக இருக்கிறது. நவம்பரில் மெல்லிய பனி விழுகிறது; பிறகு வாரக்கணக்கில் வானம் தெளிந்து இரவில் கடுங்குளிர். கீழே தரை கொஞ்சம் வெதுவெதுப்பு, மேலே காற்று கொடுங்குளிர். இந்த வேறுபாட்டால் பனியின் உள்ளே ஈரம் ஆவியாகி மேலேறிப் படிந்து, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய பரல்களாக மாறுகின்றன. கையில் அள்ளினால் ரவை போலக் கொட்டும். அதன்மேல் ஜனவரியில் ஒரு புயல் வந்து ஒரு மீட்டர் பனியைப் போடுகிறது. பார்வைக்குப் பஞ்சுமெத்தை. அடியிலோ பிடிப்பு இல்லாத பரல் அடுக்கு. அந்தச் சரிவில் ஒரு வண்டி ஏறினால் மேல் அடுக்கு முழுதும் ஒரே பலகையாகக் கழன்று இறங்கும். பனிச்சரிவில் சிக்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் சிக்குவது தாங்களோ தங்கள் கூட்டத்தாரோ கிளப்பிவிட்ட சரிவில்தான். எங்கோ உச்சியிலிருந்து தானாக வந்து விழுவது குறைவு. இது கேட்கக் கசப்பான செய்தி. ஆனால் நம் கையில் இருப்பது அதிகம் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

எந்தச் சரிவு? பலகையாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் கிளம்புகின்றன. அதற்கு மேல் செங்குத்தானால் பனி தங்காமல் உதிர்ந்துகொண்டே இருக்கும். 30க்குக் கீழே பெரும்பாலும் அமைதி. ஸ்னோ ஸ்கூட்டர் ஓட்டுகிறவனின் மனம் விரும்புவதும் அந்த 35 பாகைச் சரிவைத்தான். வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் நெருங்கும் இடத்தை வீட்டிலேயே சிவப்பு மையால் குறித்துவிடுங்கள். சாய்வு அளக்கும் கருவி சட்டைப்பைக்குள் அடங்கும். நீங்கள் நிற்கும் இடம் சமதரையாக இருந்தால் போதாது; தலைக்கு மேலே தொங்குவது என்ன என்று பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதும் பெரிய கேள்வி. முகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த பனியை அள்ளி இந்தப் பக்கம் கொட்டும் காற்று, ஒரு சொட்டுப் புதுப்பனி விழாமலே சில மணியில் ஒரு சரிவை ஆபத்தாக்கிவிடும். வானம் நீலமாக இருக்கும். பயணிகள் ஏமாறுவது அந்த நீலத்தில்தான்.

இதை ஒருவர் தனியாகக் கணித்துவிட முடியாது, கணிக்கவும் வேண்டாம். மணாலியில் 1969இல் தொடங்கிய பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம், 2020இல் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் இன்னொரு ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து, இன்று சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு டி.ஜி.ஆர்.இ. என்ற பெயரில் இயங்குகிறது. மாவட்ட வாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறார்கள். புறப்படும் காலையில் ஒருமுறை பார்ப்பது பலன் தராது. கிளம்புவதற்கு முந்தின மாதத்திலிருந்து தினமும் படித்துக் குறித்துக்கொண்டே வந்தால்தான் அந்த மலையின் பனி எப்படி வளர்ந்தது என்று மனதில் பதியும். நான் ஒருவரோடு மலைக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க அந்தக் குறிப்பேட்டைத்தான் கேட்பேன்.

அடுத்து மணிக்கணக்கு. மார்ச், ஏப்ரலில் இதுதான் எல்லாம். பகலில் உருகிய மேற்பனி, வானம் தெளிந்த இரவில் இறுகிக் கல்லாகும். விடியற்காலை அதன்மேல் வண்டி சாலையில் போவதுபோல் போகும். பத்து பதினொரு மணிக்கு மேல் வெயில் பட்ட சரிவுகள் ஈரம் கோத்துக் கனத்து இறங்கத் தொடங்கும். ஆகவே கணவாயைத் தாண்டும் வேலை விடியலில், மதியத்துக்குள் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கிவிட வேண்டும். இரவில் மேகம் மூடியிருந்ததா? அப்படியானால் பனி இறுகவில்லை. மறுநாள் பயணம் இல்லை. கூடாரத்தை விட்டு இரவு இரண்டு மணிக்கு வெளியே வந்து நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்ப்பவர்தான் நல்ல வழிகாட்டி.

இனி வண்டி. ஒரு தந்தையின் துயரத்தில் பிறந்தது அந்த வண்டி. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் ஆர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934 ஜனவரியில் அவருடைய சிறுவயது மகனுக்கு வயிற்றில் நோய் கண்டது. வீதிகள் பனியில் மூடிக் கிடந்தன, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை, பிள்ளை இறந்துபோனான். பனிமேல் ஓடும் வண்டியைச் செய்வதில் முன்பே ஈடுபட்டிருந்த அவர், அதன்பின் ஓயவில்லை. சில ஆண்டுகளில் பலர் உட்காரும் பட்டைச் சக்கர வண்டிகளை ஓடவிட்டார். மருத்துவர்களும் தபால்காரர்களும் அதில் போனார்கள். 1959இல் ஒருவர் இருவர் ஏறும் சிறிய ஸ்கீ-டூ வந்தது. 1968இல் ரால்ஃப் பிளெய்ஸ்டெட் என்ற அமெரிக்கரின் குழு அந்த வகை வண்டியில் வட துருவத்துக்கே போனது. அதற்கு முந்தின ஆண்டு அவர் முயன்று தோற்றிருந்தார். இரண்டாம் முறை மார்ச் 7 அன்றே கிளம்பி, ஏப்ரல் 19 அன்று துருவத்தில் நின்றார்.

அந்தப் பட்டை வண்டியின் எடையைப் பரப்பிவிடுவதால், நம் காலடி அழுத்தத்தை விடப் பல மடங்கு குறைவாகத்தான் அது பனியை அழுத்துகிறது. நாம் இடுப்பு வரை புதையும் இடத்தில் வண்டி மிதக்கிறது. ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு மணி நேரம் போய்விட்டு என்ஜின் நின்றால், அந்த 40 கிலோமீட்டரையும் நடந்து திரும்ப வேண்டும். ஆழமான புதுப்பனியில், பனிக்காலணி இல்லாமல், ஒருவர் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. ஒரு மணி நேரத்தில் போன தூரம் திரும்ப நாலைந்து பகல். உணவு, உடை, தூக்கப்பை, அடுப்பு எல்லாவற்றையும் நடக்கப்போகிறவனின் கணக்கில் கட்டுங்கள். ஓட்டப்போகிறவனின் கணக்கில் கட்டாதீர்கள். நெடும்பயணத்தில் தனியாகப் போகவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். இரண்டு வண்டி இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றொன்று இருக்கும்.

பனியின் நிலை எரிபொருளையும் தீர்மானிக்கிறது. இறுகிய தடத்தில் போவதை விட ஆழமான புதுப்பனியில் பெட்ரோல் மிக அதிகமாகக் குடிக்கும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து என்ஜினின் வலு குறையும். ஜோஜி லா உயரத்தில் கடல்மட்டத்து வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எதிர்மாறான தொல்லையும் உண்டு. பட்டை கிளப்பும் பனித்தூள் பட்டுத்தான் என்ஜினைச் சுற்றி ஓடும் நீர் குளிர்கிறது. பட்டையின் வழுக்குச் சட்டங்களுக்கும் அந்தத் தூள்தான் எண்ணெய். கண்ணாடி மாதிரி இறுகிய பனியில் தூள் கிளம்பாது. கடுங்குளிரிலேயே என்ஜின் கொதிக்கும். ஆகவே தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் எழுதாமல், எத்தனை கிலோமீட்டர் புதுப்பனி, எத்தனை இறுகல், எத்தனை ஏற்றம் என்று பிரித்து எழுதி, அதற்கேற்ற பெட்ரோலை எங்கே இறக்கிவைப்பது என்று பார்க்க வேண்டும். பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் அந்த இருப்பு உங்களுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதையும் சேர்த்து.

கூட்டாகப் போகும்போது சரிவைக் கடக்க ஒரு நேரத்தில் ஒருவர். மற்றவர்கள் சரிவு இறங்கினாலும் எட்டாத இடத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் ஒருவர் வண்டி புதைந்து நின்றுவிட்டால் உதவிக்கு இன்னொரு வண்டி ஏறுவது நல்ல மனசுதான், ஆனால் அந்த இரண்டாவது வண்டியின் எடையில்தான் பல சரிவுகள் பெயர்ந்திருக்கின்றன. புதைந்தவர் தானே தோண்டிக்கொண்டு இறங்கட்டும். பனிச்சரிவில் புதைந்தால் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி ஆளுக்கொன்று உடம்பில் கட்டியிருக்க வேண்டும். உலகம் முழுதும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் அது பேசும். கூடவே நீளக் குச்சி, மண்வாரி. இந்த மூன்றும் வண்டிப் பெட்டியில் இருந்தால் பயனில்லை, முதுகில் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். அரை மணி தாண்டினால் மூவரில் ஒருவர். வெளியிலிருந்து யாரும் அதற்குள் வந்து சேர மாட்டார்கள். கூட இருப்பவர்தான் காப்பாற்ற முடியும். பழகாத கை அந்த நேரத்தில் உதவாது. ஊரிலேயே தோண்டிப் பழக வேண்டும்.

இதைச் சொல்லும்போது என் மனம் சியாச்சினுக்குப் போகிறது. 76 கிலோமீட்டர் நீளப் பனியாறு. 1984 ஏப்ரலில் இருந்து நம் படை அங்கே நிற்கிறது. சாமான் ஏற்றிய சறுக்கு வண்டிகளை ஸ்னோ ஸ்கூட்டர்கள் இழுத்துக்கொண்டு, பிளவுகளுக்கு அஞ்சிக் கொடி நட்டுக் குறித்த தடத்தில் போகின்றன. 2016 பிப்ரவரி 3 அன்று, 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாம்மீது பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். நால்வர் தமிழ்நாடு. மூவர் கர்நாடகம், அதில் ஒருவர் பக்கத்து மைசூர் மாவட்டத்துப் பிள்ளை, ஒருவர் ஹாசன், ஒருவர் தார்வாட். கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரம் ஒவ்வொருவர். பனியில் பயிற்சி பெற்ற டாட், மிஷா என்ற இரண்டு நாய்களும் கருவிகளோடு ஆட்களுமாகத் தோண்டி, ஆறாம் நாள், தார்வாட்டுக்காரரான ஹனுமந்தப்பா கொப்பட் என்பவரை உயிரோடு எடுத்தார்கள். நாடே வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

அவர்களுக்குத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பனி எப்படி இருந்தாலும் அந்த முகாமில் இருப்பதே அவர்கள் கடமை. விருப்பத்துக்காக மலைக்குப் போகிற நமக்கு அந்த உரிமை முழுதாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், விடுமுறை முடிகிறதே என்று மலை மறுக்கும் நாளில் ஏறுபவர், மீட்கப் போகிறவர்களின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நம் நாட்டில் இன்று பொதுமக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் குல்மர்க்கில் வாடகைக்கு வைத்திருக்கும் ஸ்னோ ஸ்கூட்டர் சவாரிதான். ஓட்டுநர் கூட வருவார், சுற்றிக் காட்டி இறக்கிவிடுவார். அதற்கும்கூட 2024 பிப்ரவரி 22 அன்று அதே குல்மர்க்கின் மேற்சரிவில் பனிச்சரிவில் ரஷ்யப் பனிச்சறுக்கு வீரர் ஒருவர் இறந்ததை நினைவில் வைத்து, அன்றைய எச்சரிக்கை என்ன என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். மேலே எதுவரை போக அனுமதி என்று ஓட்டுநர் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். கூடுதல் பணம் கொடுத்து இன்னும் கொஞ்சம் மேலே என்று கேட்காதீர்கள்.

இந்த அவையில் பலருக்குப் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். அங்கே ஸ்னோமொபைல் நெடும்பயணம் வழக்கமான குளிர்கால விளையாட்டு. பயணப்பாதை பாதிக்கு மேல் உறைந்த ஏரிகளின்மேல் போவதுண்டு. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நடப்பதற்கு 15 சென்டிமீட்டர், ஸ்னோமொபைலுக்கு 25 சென்டிமீட்டர் தெளிந்த உறைநீர் வேண்டும் என்பது அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அளவு. வெளுத்த உறைநீருக்குத் தெளிந்ததன் பாதி வலுதான் உண்டு. ஏரியின்மேல் பனி நிறைய விழுந்திருந்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அந்தப் பனி போர்வையாகிக் குளிரை உள்ளே விடாது, அடியில் உறைநீர் மெலிந்திருக்கும். ஓடை வந்து சேரும் வாய், இரண்டு தீவுக்கு நடுவிலுள்ள ஒடுக்கம், பாலத்தின் கீழ் ஆகிய இடங்களில் ஏரி கடைசியாக உறையும், முதலில் உருகும். நேற்று இன்னொருவர் போன தடம் இன்றைக்குச் சாட்சி ஆகாது. துளையிடும் கருவியைக் கொண்டுபோய், கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இறங்கித் துளைத்து, அளவுகோலை விட்டுப் பார்க்கட்டும். குறைந்தால் வந்த தடத்திலேயே திரும்பட்டும். புறப்படும் முன் எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த மணி தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, ஊரில் இருக்கும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.